துவக்கு என்ற சொல்லும் அதைச் செய்த கைகளும்

சென்ற வருடம் தரம் 10 பிள்ளைகளைக் கொழும்பு தேசிய நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். 2023 டிசம்பரில் நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்து சேர்ந்த லெவ்கே பீரங்கியைக் காட்டுவதுதான் முக்கிய நோக்கம். பொன்னும் வெள்ளியும் இழைத்து, மாணிக்கக்கல் பதித்த அந்தச் சின்னப் பீரங்கியைச் சுற்றிப் பிள்ளைகள் நெருக்கியடித்து நின்றார்கள். ஒருவன் மட்டும் அதோடு சேர்ந்து வந்த நீண்ட துவக்குகள் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கேட்டான்:

"சேர், இது எங்கட நாட்டுல செஞ்சதா? புத்தகத்துல துவக்கு போர்த்துக்கேயர் கொண்டு வந்த சாமான்ண்டு தானே ஈக்கிது?"

"ஓம், இங்க செஞ்சதுதான்" என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டு அடுத்த கூடத்துக்கு நடந்துவிட்டோம். பஸ்காரர் நாலு மணிக்குப் புறப்பட வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது ஒற்றை வரியில் முடிகிற கேள்வி அல்ல. அதற்கு உரிய பதிலைத்தான், கொஞ்சம் நீளமாக, இங்கே எழுதுகிறோம்.

எழுதத் தொடங்கியபோது வீட்டில் ஒரு கேள்வி வந்தது: "துவக்கப் பத்தி நீங்க எழுதத்தான் வேணுமா?" 2019 க்குப் பிறகு நம் வீடுகளில் இந்தக் கேள்வி எழுவதில் ஆச்சரியம் இல்லை. அதைப் பற்றியும் பின்னால் சொல்கிறோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். எழுத்துச் சான்று கிடைக்காத இடத்தில் சொல்லைச் சாட்சிக்குக் கூப்பிடு என்று கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்த ஒருவர் அடிக்கடி சொல்வார். நாம் காலையில் ஜன்னலைத் திறந்து, வாங்கில் உட்கார்ந்து, மேசையில் வைத்த பாணைச் சாப்பிட்டு, சப்பாத்தைப் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு புறப்படும் வரை வாயில் வருவதெல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். ஒன்றரை நூற்றாண்டு கரையோரத்தை ஆண்டவர்கள் பாணுக்கும் சப்பாத்துக்கும் பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். துவக்குக்கு மட்டும் அவர்கள் பெயர் நிலைக்கவில்லை. அவர்கள் மொழியில் அது எஸ்பிங்கார்டா. இலங்கையில் தமிழரோ சிங்களவரோ முஸ்லிமோ யாரும் அப்படிச் சொன்னதில்லை.

துவக்கு என்பது துருக்கிச் சொல். துருக்கியில் துஃபெக், பாரசீகத்தில் துஃபங். அதிலிருந்துதான் தமிழகத்துத் துப்பாக்கியும், தெலுங்கு கன்னடத்துத் துபாகியும், மலையாளத்துத் தோக்கும், சிங்களத்துத் துவக்குவவும், நமது துவக்கும். பழைய துருக்கியில் அந்தச் சொல் முதலில் குறித்தது வெடிக்கும் ஆயுதத்தை அல்ல. குருவி அடிக்க வாயால் ஊதும் குழலைத்தான் அப்படி அழைத்தார்கள். "துஃப்" என்று ஊதும் சத்தமே பெயராகிவிட்டது.

பீரங்கி என்ற சொல்லோ வேறு வழியால் வந்தது. பிராங்கியர், அதாவது பறங்கியர், என்ற சொல்லிலிருந்து. ஆக நமது முன்னோர் பெரிய குழாயைப் பார்த்துப் "பறங்கியின் சாமான்" என்றார்கள், சின்னக் குழாயைப் பார்த்துத் துருக்கிப் பெயர் சொன்னார்கள். சின்னக் குழாயைப் பற்றி அவர்கள் வேறு யாரிடமோ கேள்விப்பட்டிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. "இலங்கைக்குத் துவக்கைக் கொண்டு வந்தவர்கள் முஸ்லிம்களே" என்று நாளைக்கே ஒரு போஸ்ட் போடலாம். ஆயிரம் பேர் பகிர்வார்கள். ஆனால் சொல் வந்த வழியும் சாமான் வந்த வழியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. அரபியில்கூடத் துவக்குக்குப் பெயர் வேறு, புந்துக்கிய்யா. எனவே "அரபு வணிகர் கொண்டு வந்தார்கள்" என்ற பேச்சுக்குச் சொல்லே எதிர்ச் சாட்சி. உஸ்மானியர் 1517 இல் எகிப்தைப் பிடித்த பிறகு செங்கடல் வழியாக அவர்களது படைவீரர்களும் வெடிப்படைக் கைவினைஞர்களும் குஜராத் வரை வந்தார்கள். "ரூமிகள்" என்று அவர்களை அழைத்தார்கள். அந்தக் கடல் வழிகளில் கப்பலோட்டியவர்கள் பேசிய சொல், துறைமுகம் துறைமுகமாக ஏறி இறங்கி நமது கரைக்கும் வந்திருக்கிறது. சொல்லை வைத்து இவ்வளவுதான் சொல்லலாம். கண்டித் துவக்கின் பொறியைப் பார்த்தாலோ அதில் போர்த்துக்கேய, ஸ்பானியச் சாயல் தெளிவாக இருக்கிறது. பெயர் ஒரு பக்கத்தால் வந்தது, பொறி இன்னொரு பக்கத்தால் வந்தது.

இனி மனிதர்களுக்கு வருவோம்.

1505 இல் லொறன்சோ த அல்மேதாவின் கப்பல்கள் கொழும்புக்கு வந்த செய்தியைக் கோட்டை அரசனிடம் சொன்ன விதத்தை இராஜாவலிய விபரிக்கிறது. கல்லைக் கடித்து இரத்தத்தைக் குடிக்கும் வெள்ளை மனிதர் என்றும், அவர்களது வெடிச் சத்தம் இடியை விடப் பெரியது என்றும் போகும் கதை. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி. கல் என்பது பாண், இரத்தம் என்பது வைன் என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும். ஆனால் அந்தச் சிரிப்போடு ஒரு படமும் மனதில் பதிந்துவிடுகிறது: வெடியைக் கண்டு வாயைப் பிளந்து நின்ற ஒரு நாடு. அந்தப் பாடத்தைப் படிப்பிக்கும் நாமும் அங்கேயே நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பின் ஐம்பது, அறுபது வருடத்தில் நடந்ததைச் சொல்வதில்லை.

கொழும்புக்குப் போர்த்துக்கேயர் வந்த அதே காலத்தில் கள்ளிக்கோட்டையில் என்ன நடந்தது என்று பாருங்கள். அங்கே மிலான் நகரத்து இத்தாலியர் இருவர் போர்த்துக்கேயர் பக்கத்திலிருந்து சாமூதிரியின் பக்கம் போய், அவருக்குப் பீரங்கி செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வர்த்தேமா என்ற இத்தாலியப் பயணி 1505 இல் அவர்களை நேரில் சந்தித்து எழுதியிருக்கிறார். ஆயுதம் செய்யும் அறிவு கப்பலில் பூட்டி வைத்த இரகசியமாக நீண்ட நாள் இருக்கவில்லை. சம்பளம் கூட்டிக் கொடுத்தவன் பக்கம் அது நடந்து போனது.

1521 க்குப் பிறகு சீதாவாக்கையை ஆண்ட மாயாதுன்னை, கோட்டைக்கும் அதன் பின்னால் நின்ற போர்த்துக்கேயருக்கும் எதிராகச் சாமூதிரியின் உதவியைக் கேட்டான். மாப்பிள்ளைத் தலைவர்களான பச்சி மரிக்காரும் குஞ்ஞாலி மரிக்காரும் கப்பல்களோடு வந்தார்கள். 1538 இல் வேதாளைக் கரையில் அவர்களது கடற்படை போர்த்துக்கேயரிடம் பெரும் தோல்வி கண்டது. அடுத்த வருடம் மாயாதுன்னை சமாதானத்துக்கு இறங்கியபோது, தன்னிடமிருந்த மரிக்கார்களின் தலைகளையே வெட்டிப் போர்த்துக்கேயருக்கு அனுப்பி வைத்தான். மாயாதுன்னைக்கு மாப்பிள்ளைகள் உதவியதை நம்மவர்கள் மேடைகளில் பெருமையாகச் சொல்வார்கள். தலை அனுப்பிய கதையைச் சொல்வதில்லை. இரண்டும் ஒரே பக்கத்தில்தான் இருக்கிறது.

மாயாதுன்னையின் மகன் முதலாம் இராஜசிங்கன் 1559 முல்லேரியாவில் போர்த்துக்கேயரைத் தோற்கடித்தான். 1587 இல் கொழும்புக் கோட்டையையே முற்றுகையிட்டான். அந்தப் படையில் பீரங்கியும் இருந்தது, துவக்கும் இருந்தது. வெடியைக் கண்டு வாய் பிளந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் அதே வெடியோடு கோட்டை வாசலில் நின்றார்கள்.

அதே 1580களில் கோவாவில் பேராயரின் செயலாளராக இருந்தவர் லின்ஸ்கோட்டன் என்ற ஒல்லாந்து இளைஞர். பின்னாளில் போர்த்துக்கேயரின் கடல்வழி இரகசியங்களை எல்லாம் புத்தகமாக அச்சிட்டு ஒல்லாந்தரையும் ஆங்கிலேயரையும் இந்தப் பக்கம் வர வைத்தவர். அவர் இலங்கையைப் பற்றி எழுதும்போது சிங்களவரின் கைவேலையைப் புகழ்கிறார். பொன், வெள்ளி, தந்தம் என்று சொல்லிக்கொண்டு வந்து, இவர்கள் செய்யும் துவக்குக் குழாய் போல அழகானது வேறெங்கும் இல்லை, வெள்ளி போலப் பளபளக்கிறது என்கிறார். இருபது வருடம் கழித்து, மாலைதீவில் கப்பலுடைந்து அகப்பட்டுப் பிறகு கோவாவுக்குப் போன பிரெஞ்சுக்காரர் பிரார் த லவாலும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறார். இலங்கையர் செய்த துவக்கு தமது நாட்டில் செய்வதை விட நேர்த்தியானது என்பது அவரது முடிவு. இவர்கள் இருவருக்கும் இலங்கையைப் புகழ்ந்து கிடைக்கப்போவது ஒன்றும் இல்லை.

அந்தத் துவக்கைக் கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு விடயம் கண்ணில் படும். பொறி இடது பக்கத்தில் இருக்கும். உலகத்தில் மற்ற எல்லா இடத்திலும் பெரும்பாலும் வலது பக்கம். ஏன் என்று பல விளக்கங்கள் சொல்கிறார்கள், அவற்றுக்குள் போகவில்லை. நமக்கு முக்கியமானது, இது யாரோ செய்ததைப் பார்த்து அப்படியே செய்த நகல் அல்ல என்பது. நகல் செய்கிறவன் பக்கத்தை மாற்ற மாட்டான். அடிக்கட்டை இரண்டாகப் பிளந்தது போல வளைந்திருக்கும். அதில் தந்தத் தகடு. குழாய் முழுக்கப் பித்தளையும் வெள்ளியும் இழைத்த லியவெல, அதாவது கொடி வேலை. தலதா மாளிகையின் தூணில் ஓடுகிற அதே கொடி. ஒவ்வொன்றும் ஒருவருக்காகச் செய்தது. ஒன்றைப் போல மற்றொன்று இல்லை. ஒன்றில் கழற்றிய திருகாணி மற்றதுக்குப் பொருந்தாது.

இப்படியொன்றைச் செய்த பட்டறை எப்படி இருந்திருக்கும்? பெரிய தொழிற்சாலையைக் கற்பனை செய்ய வேண்டாம். 1660 இல் கொட்டியாரக் குடாவில், இன்றைய மூதூர்ப் பக்கத்தில், பிடிபட்டு கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடம் இருந்து, 1679 இல் தப்பிப்போன ரொபர்ட் நொக்ஸ் ஒரு கிராமத்துக் கொல்லனைப் படம் பிடித்தது போல எழுதி வைத்திருக்கிறார். அது கத்தி, மண்வெட்டி செய்யும் கொல்லன்தான், அரசனுக்குத் துவக்குச் செய்தவன் அல்ல. ஆனாலும் பட்டறையின் நடைமுறை அதிலிருந்து விளங்கும்.

கொல்லன் தன் வாங்கில் மிகக் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறான். முன்னால் அடைகல், இடது கைப் பக்கம் உலை, வலது கையில் ஒரு சின்னச் சுத்தியல். வேலைக்கு வந்தவன்தான் துருத்தி ஊத வேண்டும். இரும்பு சிவந்ததும் கொல்லன் எழும்பாமலேயே குறட்டால் பிடித்துக்கொள்வான். வேலைக்கு வந்தவன்தான் சம்மட்டியால் அடிக்க வேண்டும். கொல்லன் இடையில் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி உருவத்தைச் சரி செய்வான். அரம் போடும் வேலை குறைய வேண்டுமென்று கல்லில் தீட்டி வரச் சொல்வதும் வந்தவனைத்தான். கடைசியில் அவன் அரத்தை எடுத்து நேர்த்தியாக்கிக் கொடுப்பான். கூலி அறுவடையில் நெல்லாகப் போகும். ஒவ்வொரு ஊருக்கும் உரிமையுள்ள கொல்லன் உண்டு. அவனை விட்டு வேறொருவனிடம் போக முடியாது.

நொக்ஸ் இதைக் கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறார். கொல்லர் தம்மைப் பெரிதாக நினைத்துக்கொள்கிறார்கள் என்பது அவரது குறை. நமக்கு அதை வாசிக்கும்போது தோன்றுவது வேறு. சாமானை வாங்கப் போனவனும் அதைச் செய்தவர்களில் ஒருவனாகத்தான் திரும்பி வந்தான். அவன் துருத்தி ஊதினான், அவன் அடித்தான். பழுதானால் எங்கே பழுது என்று அவனுக்கும் தெரியும். ஒரு தொழில் நுட்பம் இரண்டு தலைமுறைக்குள் நாடெங்கும் பரவியது எப்படி என்று யோசித்தால், இந்தப் பழக்கத்துக்கும் அதில் பங்கு இருந்திருக்கும் என்றே நினைக்கிறோம்.

அரசனின் வேலை செய்த கொல்லர் வேறு ஒழுங்கில் இருந்தார்கள். கொட்டல் பத்த என்ற திணைக்களத்தின் கீழ், நிலத்துக்கு ஈடாக வேலை. சம்பளம் இல்லை, வயல் உண்டு. வயல் இருக்கும் வரை மகன் தகப்பனின் உலையில் உட்காருவான். துவக்கை ஏந்தியவர்களுக்கும் தனித் திணைக்களம் இருந்தது. கொடித்துவக்கு என்பது இருவர் மூவர் தூக்கிப் போகும், கால் வைத்த சின்னப் பீரங்கி. அதற்குப் பொறுப்பான பிரிவு கொடித்துவக்கு லேகம். உங்களோடு வேலை செய்யும் யாராவது ஒரு கொடித்துவக்கு மாத்தயா கட்டாயம் இருப்பார். அந்த வாசகம எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாமலிருக்கலாம். தேநீர் நேரத்தில் சொல்லிப் பாருங்கள், சந்தோஷப்படுவார்.

இரும்புக்கு வெளியே போக வேண்டிய தேவை இருக்கவில்லை. சமனலவெவப் பக்கத்து மலைச்சரிவுகளில் பருவக்காற்றையே துருத்தியாக வைத்து இரும்பு உருக்கிய உலைகளை கில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்து 1996 இல் நேச்சர் சஞ்சிகையில் எழுதினார். மேற்கே முகம் காட்டி வரிசையாக நிற்கும் உலைகள், கி.மு. காலத்திலிருந்து பதினோராம் நூற்றாண்டு வரை வேலை செய்தவை. ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் சரந்தீபின் உருக்கைத் தனியாகக் குறிப்பிடுகிறார். அல்-கிந்தியைத் தத்துவஞானி என்று மட்டும் படித்த நமக்கு இது புதினம்தான். துவக்கு வரும் முன்னரே இரும்போடு இந்த நாட்டுக்கு ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம் இருந்தது. புதிதாக வந்தது குழாயும் பொறியும் மட்டும்.

வெடிமருந்துதான் கஷ்டம். வெடியுப்பு நாட்டுக்குள்ளேயே குகைகளில் கிடைத்தது. ஆங்கிலேய மருத்துவர் ஜோன் டேவி 1821 இல் வெளியிட்ட நூலில் மேமுரைக் குகையையும் அங்கே வெடியுப்பு எடுத்த விதத்தையும் எழுதியிருக்கிறார். கரிக்குக் காடு இருக்கிறது. கந்தகம் மட்டும் இலங்கையில் இல்லை. கடல் கடந்துதான் வர வேண்டும். 1766 உடன்படிக்கைக்குப் பிறகு கண்டியிடம் ஒரு கடற்கரை கூட இருக்கவில்லை, எல்லாத் துறையும் ஒல்லாந்தர் கையில்.

இந்த இடத்தில்தான் நமது மக்கள் கதைக்குள் வருகிறார்கள். கண்டி அரசில் பொதி சுமக்கும் திணைக்களம் மடிகே பத்த. அதில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். மாட்டின் மேல் உப்பும் கருவாடும் புடவையும் ஏற்றிக் கரையிலிருந்து மலைக்குக் கொண்டு போன தவளமக்காரர். கந்தகப் பொதியும் அந்த மாடுகளின் முதுகில்தான் ஏறியிருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. இது எமது ஊகம், சான்று அல்ல. கண்டித் துவக்கில் நமக்குப் பங்கு ஏதும் உண்டென்றால் அது கொல்லனின் அடைகல்லில் இல்லை, அந்த மாட்டு வழியில்தான் இருக்கும். அடைகல்லில் உட்கார்ந்தவர்கள் சிங்களக் கைவினைஞர். அவர்களது பெருமையை அவர்களுக்கே கொடுப்பதில் நமக்கு என்ன குறை?

லெவ்கே பீரங்கிக்கு வருவோம். 1740களில் சத்கோறளையோ சப்ரகமுவவோ என்று பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள், லெவ்கே நாற்கோறளைத் திசாவை. அவர் அரசனுக்குக் கொடுத்த அன்பளிப்பு அது. 1765 பெப்ரவரியில் ஒல்லாந்துத் தேசாதிபதி வான் எக் கண்டிக்குள் நுழைந்தபோது அரண்மனையைக் கொள்ளையடித்தார்கள். கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் ஏற்கனவே மலைக்குள் போய்விட்டான். வான் எக் இரண்டு மாதம் கூட உயிரோடு இருக்கவில்லை, ஏப்ரலில் கொழும்பில் இறந்துபோனார். பீரங்கி கப்பலேறியது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் நூதனசாலையில் நீண்ட காலம் இருந்தது. 258 வருடத்துக்குப் பிறகு பீரங்கி, இரண்டு வாள், ஒரு கத்தி, இரண்டு துவக்கு என்று ஆறு பொருட்களாகத் திரும்பி வந்தன. நமது மாணவன் பார்த்துக்கொண்டு நின்றது அந்த இரண்டையும்தான்.

பொருள் திரும்பி வந்தது. செய்யும் கை திரும்பி வரவில்லை. அது போன விதம் ஒல்லாந்தர் கொள்ளையை விட அமைதியானது. 1815 இல் கண்டி ஆங்கிலேயரிடம் போனது. 1817 இல் ஊவா வெல்லஸ்ஸயில் கிளர்ச்சி வெடித்தது. அதற்கு எண்ணெய் ஊற்றிய காரணங்களில் ஒன்று, வெல்லஸ்ஸ மடிகேயை உள்ளூர்த் தலைவர்களிடமிருந்து பிரித்து ஹாஜி மரிக்கார் என்பவரை முஹந்திரமாக ஆங்கிலேயர் நியமித்தது. கிளர்ச்சியின் தொடக்கத்திலேயே அவர் கொல்லப்பட்டார். தவளம் ஓட்டிய சமூகத்தை அரசின் ஆளாக மாற்றி நடுவில் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு அது ஒரு பழைய உதாரணம். 1818 இல் கிளர்ச்சி அடங்கியதும் மலைநாட்டு மக்களிடமிருந்து துவக்குகளைப் பறித்தார்கள். 1830களில் இராஜகாரியம் ஒழிந்தது. அது நல்ல காரியம்தான், கட்டாய வேலை போனது. ஆனால் நிலத்துக்கு ஈடாகத் தொழில் செய்த கொல்லனுக்கும் உலைக்கும் இருந்த கட்டும் அதோடு தளர்ந்தது. பிறகு கப்பலில் இங்கிலாந்து இரும்பு மலிவாக வந்தது. 1900களின் தொடக்கத்தில் ஆனந்த குமாரசுவாமி கனிய வள ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தபோது, சப்ரகமுவ மலைப் பக்கத்தில் மிஞ்சியிருந்த சிலர் பழைய முறையில் இரும்பு உருக்குவதைப் பார்த்து எழுதி வைத்தார். அவர் எழுதியிராவிட்டால் அதுவும் இல்லை. 1916 இல் வந்த துவக்குச் சட்டம், பல திருத்தங்களோடு, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதியின்றிச் செய்வது குற்றம், வைத்திருப்பது குற்றம். அது சரியான சட்டம் என்பதில் முப்பது வருட யுத்தத்தைப் பார்த்த யாருக்கும் சந்தேகம் இருக்காது.

அந்தப் பழைய கைவேலையில் இன்று மிஞ்சியிருப்பது என்ன? கட்டுத்துவக்கு. பன்றி வரும் பாதையில் கட்டி வைக்கும், களவாகச் செய்த குழாய். பன்றியை விட அதிகாலையில் மிளகு பறிக்கப் போனவனின் காலைத்தான் அது அதிகம் தேடிப் பிடிக்கிறது. யானைகளுக்கும் அதே கதி. எமது பாடசாலையிலேயே ஒரு பிள்ளையின் வாப்பா அப்படி முழங்காலுக்குக் கீழே இழந்தவர். லியவெல கொடி ஓடிய குழாய்க்கும் இதற்கும் நடுவில் இருநூறு வருடம்.

இப்போது வீட்டுக் கதை. எங்கள் உம்மம்மாவின் குசினியில் ஒரு ஊதாங்குழல் இருந்தது. ஒரு முழத்துக்கும் கூடுதலான, கனமான இரும்புக் குழல். பழைய துவக்குக் குழாயை வெட்டி எடுத்தது என்று மூத்தாப்பா சொல்வார். யாருடைய துவக்கு, எப்போது வெட்டியது, ஒன்றும் தெரியாது. வெளிப்பக்கத்தில் விரலால் தடவினால் எதையோ செதுக்கியது போல ஒரு மேடு தட்டுப்படும். கரி ஏறிப்போய் என்னவென்று பார்க்க முடியாது. சின்ன வயதில் அதால் அடுப்பை ஊதியது ஞாபகம் இருக்கிறது. காஸ் அடுப்பு வந்த பிறகு அது மூலையில் கிடந்தது.

2019 மே மாதம். ஊர் ஊராகச் சோதனை நடந்த நாட்கள். கத்தி ஒன்று கூடுதலாக இருந்தாலே பதில் சொல்ல வேண்டிய காலம். ஒரு இரவு வீட்டில் பெரியவர்கள் கூடிப் பேசி, அந்தக் குழலைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போய் ஆற்றில் போட்டுவிட்டார்கள். அந்தக் குழலால் வீட்டில் யாரும் எதையும் சுட்டதில்லை, அடுப்பைத்தான் ஊதினார்கள். ஆனாலும் அந்த இரவில் அது துவக்குக் குழாய் என்று சொன்ன ஒருவரின் வார்த்தை போதுமாயிருந்தது. நாமும் தடுக்கவில்லை. வரலாறு படிப்பிக்கிற நாம் ஒரு படம் கூட எடுத்து வைக்கவில்லை. அந்த மேடு கொடி வேலையா, வெறும் துருவா என்று இனித் தெரியப்போவதில்லை. துவக்கு என்ற சொல்லுக்குப் பழைய பொருள் ஊதுகுழல் என்று வாசித்த அன்று அந்தக் குழல்தான் முதலில் ஞாபகம் வந்தது.

நமது வீடுகளில் மட்டுமல்ல, யுத்த காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ வீடுகளில் பழைய சாமான்கள் இப்படித்தான் கிணற்றுக்கும் ஆற்றுக்கும் போயின. சிங்களக் கிராமங்களில் 1971 இலும் 1989 இலும் நடந்ததை அங்குள்ளவர்கள் சொல்வார்கள். உங்கள் வீட்டில் அடையாளம் தெரியாத பழைய இரும்போ செப்போ கிடந்தால், எறிய முன் ஒரு படமாவது எடுத்து வையுங்கள். யாரிடமிருந்து வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். சட்டப் பிரச்சினை வரும் சாமான் என்றால் மறைத்து வைக்க வேண்டாம், முறைப்படி ஒப்படையுங்கள். ஆற்றில் மட்டும் போட வேண்டாம்.

அந்த மாணவனுக்கு இதையெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை பாடசாலை விட்ட பிறகு சொன்னோம். முழுக்கக் கேட்டுவிட்டு, தரம் 10 செயற்றிட்டத்துக்குச் சந்தியிலுள்ள கொல்லுப் பட்டறையைப் பற்றி எழுதப் போவதாகச் சொன்னான். அந்தப் பட்டறைக்காரர் எழுபதைத் தாண்டியவர். அவரது தகப்பனும் அதே உலையில்தான் இருந்தார். பிள்ளை கொப்பியும் பேனையுமாகப் போய், "சீயா, உங்கட பரம்பரைல யாரும் முந்தி துவக்கு செஞ்சாங்களா?" என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறான். அவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, யார் அனுப்பியது என்று கேட்டாராம். சேர் என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதையெல்லாம் எழுதாதே, வேண்டுமானால் கத்தி எப்படிச் செய்வது என்று எழுது, சொல்லித் தருகிறேன் என்றிருக்கிறார்.

மூன்று சனிக்கிழமை போய்விட்டான். போன கிழமை துருத்தி ஊதச் சொன்னாராம்.